குளிர் அறைக்கு வைத்த பொட்டு

“குளிர் அறையின் மின்னிணைப்பை, அதன் பொறுப்பாளர் எழுத்தில் ஒப்புதல் தராமல், எக்காரணம் கொண்டும் துண்டிக்கக் கூடாது.” ஆய்வகப் பராமரிப்பு விதிகள், பதினேழாம் பிரிவு.

இந்த வாக்கியத்தை எழுதியவள் நான். ‘எக்காரணம் கொண்டும்’ என்று சேர்த்தபோது, இவ்வளவு கடுமை தேவையா என்று விதிக் குழுவில் ஒருவர் கேட்டார். தேவை என்று மட்டும் சொன்னேன். காரணம் கண்டுபிடிப்பதில் இங்கே இருப்பவர்களுக்கு உள்ள திறமை வேறு எதைக் கண்டுபிடிப்பதிலும் இல்லை என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். விழுங்கியிருக்க வேண்டியதில்லை.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, கொட்டாம்பட்டிப் பக்கம் போகிற சாலையில், வயலும் கல்குவாரியும் மாறி மாறி வரும் சமவெளியில் இறங்கினால் எங்கள் ஆராய்ச்சி நிறுவனம். அதன் எக்ஸ்ரே ஆய்வகத்தில் தொழில்நுட்ப அலுவலராக இருந்து ஓய்வு பெற்றேன். எக்ஸ்ரே என்றதும் கை முறிந்தவர்கள் வரிசையில் நிற்கும் இடம் என்று நினைக்க வேண்டாம். என் உறவினர்கள் கடைசி வரை அப்படித்தான் நினைத்தார்கள். முட்டி வலிக்கு ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கல்யாணப் பந்தியில் கேட்டவர்கள் உண்டு. நாங்கள் படம் எடுத்தது படிகங்களை. ஒரு புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து, பொறுமையாகப் படிகமாக வளர்த்து, அதன் மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால் கதிர்கள் சிதறிப் புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகளின் இடத்தையும் அழுத்தத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், புரதத்துக்குள் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியவரும். புள்ளிகளை மட்டும் கொடுத்து, கோலம் எது என்று கேட்பது மாதிரி.

நான் சொல்லப்போகிற புரதம் ஈரலில் இருக்கும் ஒரு நொதி. சாராயத்தை உடைப்பது அதன் வேலை. யாராவது குடித்தால்தான் அதற்கு வேலை என்றில்லை. வயிற்றுக்குள் தீனி புளிக்கும்போதே கொஞ்சம் சாராயம் ஊறிவிடும். அதனால் ஆட்டுக்கும் குதிரைக்கும்கூட இந்த நொதி உண்டு. ஒரே மாதிரியான இரண்டு பாதிகள் சேர்ந்தது அது. ஒவ்வொரு பாதியிலும் இரண்டு துத்தநாக அணுக்கள். ஒன்று நேரடியாக வேலை செய்வது. சாராய மூலக்கூறைப் பிடித்து நிறுத்துவது அதுதான். மற்றது எந்த வேலையும் செய்யாது. நான்கு கந்தகக் கைகள் தாங்கிப் பிடித்திருக்க, சும்மா இருக்கும். ஆனால் அதைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பக்கமே உருக்குலைந்துவிடும். எங்கள் நிறுவனத்தில் மூன்றாவது வகையும் இருந்தது. வேலையும் செய்யாது, எடுத்துவிட்டால் எதுவும் சரியவும் சரியாது. ஏசி அறைகள் அந்த வகைக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தன.

குதிரை ஈரலின் நொதியை வெளிநாட்டில் எப்போதோ பார்த்து முடித்துவிட்டார்கள். ஆட்டினுடையதைப் பார்க்க வேண்டும் என்று வந்தவள் ஓர் ஆய்வு மாணவி. வேலை செய்யும் துத்தநாகத்தின் வாசலில் ஆட்டு நொதியில் ஓர் அமினோ அமிலம் வேறு பக்கம் திரும்பியிருக்கும் என்பது அவள் கணிப்பு. மதுரைப் பழைய ஊருக்குள் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண். அவளுடைய சாச்சா, அதாவது சித்தப்பா, அங்கேயே கறிக்கடை வைத்திருந்தார். ஈரல் அங்கிருந்துதான் வந்தது. ஆட்டு ஈரலுக்கு மூன்று கடைகளின் விலைப்புள்ளி வேண்டும், மூடி முத்திரையிட்ட உறையில் வேண்டும் என்று எங்கள் ஸ்டோர்ஸ் கேட்டது தனிக் கதை. அழுகும் பொருளுக்கு அந்த விதி பொருந்தாது என்று நான் விதியின் எண்ணைச் சொன்ன பிறகு, ஈரல் அழுகும் பொருள்தான் என்பதற்குச் சான்று கேட்டார்கள்.

ஒருநாள் காலை அவளோடு நானும் கடைக்குப் போயிருந்தேன். ஈரல் சூடு ஆறுவதற்குள் ஐஸில் இறங்க வேண்டும் என்பதால் பெட்டியோடு நின்றோம்.

“எம்மா, முழு ஈரலையும் நீ தூக்கிட்டுப் போனா வர்றவுகளுக்கு நான் என்னத்தக் குடுக்க? ஒங்க ஆபீஸ்ல எம்புட்டுப் பேரு சாப்புடுறாங்க?” என்றார் சாச்சா.

“சாப்புட இல்ல சாச்சா. அரைச்சு வடிகட்டி...”

“ஈரல அரைக்கிறதா?” அவர் என் பக்கம் திரும்பினார். “மேடம், இவ சமைக்கிற லட்சணம் எங்க அண்ணி சொல்லித் தெரியும். இவள நம்பி வராதீங்க.”

அந்த ஈரலிலிருந்து நொதியைப் பிரித்து, துளித் துளியாகக் கண்ணாடிச் சில்லுகளில் தொங்கவிட்டு, தட்டுகளில் அடுக்கிக் குளிர் அறையில் வைத்தாள். படிகம் வளர நான்கு டிகிரி குளிர் வேண்டும், அசைவு கூடாது. சித்திரையில் வைத்தது ஆவணியில்தான் எக்ஸ்ரேக்கு ஆகும் அளவுக்கு வளர்ந்தது. எங்கள் மெஷினில் சோதித்ததில் புள்ளிகள் நன்றாக விழுந்தன. முழு அளவீட்டுக்கு வடக்கே இருக்கிற, எங்கள் மெஷினைவிடப் பல மடங்கு வலுவான கதிர் தரும் பெரிய எக்ஸ்ரே வளையத்தில் அவளுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நவம்பர் கடைசி. டிசம்பரோடு அவளுடைய ஆய்வுப் பதிவுக் காலம் முடிகிறது. அதற்குள் ஆய்வேடு போய்ச் சேராவிட்டால் பதிவு ரத்து, பட்டம் இல்லை. அவளுடைய இருபதுகளின் பெரும்பகுதி அந்தத் தட்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது. நான் ஓய்வு பெற்று அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

எங்கள் துறைத் தலைவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். படிகங்கள் பற்றிய கட்டுரைகளில் முதல் பெயர் அவருடையதாக இருக்கும். அவர் ஒரு படிகத்தை நுண்ணோக்கியில் குனிந்து பார்த்ததை நான் ஒருமுறையும் கண்டதில்லை. குனிவது அவருக்கு மேலிடத்தில் மட்டும் வரும். அந்த வருடம் பூஜையைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இயக்குநர் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் பக்திக்குக் காரணம் வேண்டியதில்லை. பூஜையும் விஜயதசமியும் சனி ஞாயிறோடு சேர்ந்து வந்த நீண்ட விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை மாணவியிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

“மேடம், வாரீங்களா?” அவ்வளவுதான் சொன்னாள்.

வில்லாபுரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். எக்ஸ்ரே மெஷினில் வாழைக்கன்று கட்டியிருந்தது. படிகத்தைப் பொருத்துகிற ஊசிமுனைப் பீடத்தில், தலைமுடி அளவு நகர்ந்தாலும் கெட்டுப்போகிற இடத்தில், பொரியும் கடலையும் கிடந்தன. குளிர் அறைக்கு வெளியே நசுங்கிய எலுமிச்சம்பழம். கதவைத் திறந்தால் நாற்றம் முகத்தில் அறைந்தது. உள்ளே வைத்திருந்த மிச்ச ஈரல் விடுமுறையைத் தன் வழியில் கழித்திருந்தது. அறை, வெளியே இருந்த வெயிலின் சூட்டில் இருந்தது. தட்டுகளின் மூடிகளில் ஒன்று விடாமல் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். மிக நேர்த்தியாக வைத்திருந்தார்கள். மூடிக்குக் கீழே துளிகள் வழிந்து, படிகம் இருந்த இடத்தில் பழுப்பு நிறப் படலம் படிந்திருந்தது.

அட்டெண்டர் சுவரோரம் நின்றார். பல வருடப் பழக்கம். கெட்ட மனிதர் இல்லை.

“சார்தான் மேடம் சொன்னாரு, ‘இன்னைக்கு அம்புட்டு மெஷினுக்கும் லீவு, ஒன்னு விடாம அமத்திரு’ன்னு. நான் கேக்கத்தான் செஞ்சேன், ‘கோல்டு ரூமுமா சார்’னு. ‘அது மட்டும் என்ன மாமியா வீட்டு மெஷினா’ன்னாரு. டைரக்டர் சிரிச்சாரு. அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க.”

“கதவுலயே விதி ஒட்டியிருக்கேய்யா. பதினேழாம் பிரிவு. படிக்கலையா?”

“அது மேலதான் மேடம் பொட்டு வச்சோம்.”

போய்ப் பார்த்தேன். ‘எக்காரணம்’ தெரிந்தது. மற்றது சந்தனத்துக்குள் போயிருந்தது.

நான் பூஜைக்கு எதிரி இல்லை. என் வீட்டிலும் ஆயுத பூஜை உண்டு. மிக்ஸிக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைக்கிறேன். ஃப்ரிட்ஜுக்கும் வைக்கிறேன், ஆனால் அதை நிறுத்துவதில்லை. மதுரையில் எந்த வீட்டிலும் நிறுத்துவதில்லை. துறைத் தலைவர் வீட்டு ஃப்ரிட்ஜும் அந்த நாட்களில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். இல்லாவிட்டால் அவர் வீட்டுச் சுண்டல் என்ன ஆவது? தன் வீட்டுச் சுண்டலுக்குத் தெரிந்த அறிவியல் அடுத்தவளின் படிகத்துக்குத் தெரியாமல் போவதற்குத்தான் முனைவர் பட்டமும் பேராசிரியர் பதவியும் வேண்டியிருக்கிறது.

அவர் அறைக்குப் போனோம். மாணவி நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை அவர் கைபேசியில் பூஜைப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“போனது போகட்டும்மா. மறுபடி வளத்துக்க. சீனிப் பாகுல நூல் கட்டித் தொங்கவிட்டா கல்கண்டு வளருதுல்ல?”

“கல்கண்டுன்னா நீங்களே ஒரு தட்டு வளத்துக் குடுத்துருங்க சார், நவம்பருக்குள்ள” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “மேடம், நீங்க ரிட்டயர்டு. கேட்ல விசிட்டர் புக்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வந்தீங்களா?”

போட்டிருந்தேன். நான் போடாமல் வருவேன் என்று நினைத்தாரே, அதுதான் அவருக்கு என்னைப் பற்றித் தெரிந்த லட்சணம்.

வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து, இயக்குநருக்கு மனு எழுதப்போகிறேன் என்றேன். அவள் தலையை நிமிர்த்தாமல் டீயை ஊதினாள்.

“வேணாம் மேடம். நான் எழுதுனா ‘பூஜையக் குறை சொல்றா’ன்னு ஆயிரும். நீங்க எழுதுனா, நான் சொல்லிக் குடுத்து எழுதுனதா ஆயிரும்.”

“கோல்டு ரூம அமத்துனதத்தான எழுதப் போறேன்?”

“அத யாரு படிப்பா? எம் பேர மட்டுந்தான் படிப்பாங்க.”

அவள் சொன்னதில் தவறு இல்லை. ஆனாலும் எழுதினேன். அவள் பெயரை எங்கும் எழுதாமல், ‘மேற்படி ஆய்வு மாணவர்’ என்றே எழுதினேன். முதல் வரியிலேயே என் வீட்டு மிக்ஸியையும் ஃப்ரிட்ஜையும் அவற்றின் பொட்டுகளோடு வரிசைப்படுத்திவிட்டேன், பேச்சு அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க. கேட்டவை இரண்டு. எந்த ஆணையின்படி பதினேழாம் பிரிவு மீறப்பட்டது? மாணவர் இழந்த காலத்தை அவருடைய பதிவுக் காலத்தோடு சேர்த்து நீட்டித்துத் தர முடியுமா? பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்தினேன்.

விசாரணைக் குழு அமைத்தார்கள். அதன் தலைவர் யார் என்று கேட்க வேண்டாம். அவரேதான். தன்னைத் தானே விசாரிப்பதில் அவர் காட்டிய பொறுமை பாராட்டத்தக்கது. குழுவில் வெளி உறுப்பினர் ஒருவரும் இருந்தார். எந்தத் துறை என்று கடைசி வரை விளங்கவில்லை. என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது.

“இது சாராயத்த உடைக்கிற நொதிங்கிறீங்க. ஆட்டுக்கு எதுக்கும்மா அது? ஆடு குடிக்குமா?” என்றார் வெளி உறுப்பினர். துறைத் தலைவரின் சிரிப்பு வெராந்தா வரை வந்தது.

“குடிக்காது சார். அது தெளிவாத்தான் இருக்கும்” என்றாள் அவள்.

யாரோ எழுந்து வந்து கதவைச் சாத்தினார்கள்.

பதிலுக்குக் காத்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கெட்டுப்போன தட்டுகளில் ஒன்றை அவள் அந்தத் திங்கட்கிழமையே தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் பைகளோடு எடுத்து வைத்திருந்தாள். அதில் மட்டும் படிகங்கள் முழுவதும் கரையவில்லை. விரிசல் விட்டு மொத்தையாகக் கிடந்தன. எக்ஸ்ரேக்கு உதவாது. ஆனால் விதைக்கு உதவும் என்றாள். உடைந்த படிகத்தில் ஒரு மயிரின் நுனியைத் தொட்டு, புதிய நொதித் துளியின் ஊடே ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டில் ஒட்டிய துணுக்குகளைப் பிடித்துக்கொண்டு புதுப் படிகம் விரைவில் வளரும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். முறை பழையது. பூனை மீசை, குதிரை வால் மயிர் என்று ஆளுக்கொன்று பயன்படுத்துவார்கள். அவளுக்கு எது சுலபமாகக் கிடைக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. புது ஈரலுக்குப் போன இடத்திலேயே கேட்டாள்.

“சாச்சா, கெடாயோட தாடி மயிரு கொஞ்சம் வேணும்.”

“ஈரல் முடிஞ்சு இப்பத் தாடியா?” அவர் கத்தியைக் கீழே வைத்தார். “மேடம், உண்மையச் சொல்லுங்க. ஒங்க ஆபீஸ்ல யாருக்கும் சூனியம் வைக்கிறீகளா?”

“வைக்கலாம்னுதான் இருக்கு” என்றேன்.

புரட்டாசியில் மதுரையின் பாதிப் பேர் கறி பக்கம் வர மாட்டார்கள். கடையில் கூட்டம் இல்லை. நல்ல ஈரலாகப் பார்த்துக் கொடுத்தார்.

நொதியைப் பிரித்தாகிவிட்டது. வளர்ப்பது எங்கே? குளிர் அறையை மறுபடி ஓட்டியதில் கம்ப்ரஸர் விட்டு விட்டு நின்றது. பழுது பார்க்க விண்ணப்பம் கொடுத்தால், பழுது எப்படி ஏற்பட்டது என்று துறைத் தலைவர் சான்றளிக்க வேண்டும் என்றார்கள். மேலும் தீபாவளி வருகிறது. அதற்கு எந்த மெஷினுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டச் சொல்வாரோ. என் வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது என்று முடிவு செய்தோம். நிறுவனத்தின் பொருளை வெளியே கொண்டுபோக, திரும்பி வரும் பொருளுக்கான சீட்டு வேண்டும். அதில் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும். அந்த நடைமுறையை வகுத்ததிலும் எனக்குப் பங்கு உண்டு. டிபன் பைக்குச் சீட்டுத் தேவையில்லை என்று வகுத்ததும் நான்தான்.

கேட்டில் காவலாளி பையைத் தொட்டுப் பார்த்தார். “என்னம்மா, ஜில்லுன்னு இருக்கு?”

“ஈரல்” என்றேன். ஈரலிலிருந்து வந்ததுதானே.

“இன்னும் பொரட்டாசி முடியலையேம்மா” என்றார் வருத்தத்தோடு. “ரெண்டு நாள் பொறுக்க முடியலையா ஒங்களால?”

எங்கள் வீடு சைவ வீடு. என் கணவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று மாலை ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார்.

“இட்லி மாவு எங்க?”

“பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்ல.”

“அப்ப நம்ம ஃப்ரிட்ஜ்ல?”

“ஆட்டு ஈரல் நொதி. கதவ மெதுவாச் சாத்துங்க. அதிரக் கூடாது.”

அவர் கதவைக் குழந்தையின் தொட்டிலைத் தொடுவதுபோலச் சாத்தினார். “கல்யாணமான நாள்லருந்து என்னய இம்புட்டுப் பத்திரமா வச்சுக்கணும்னு ஒனக்குத் தோணலையே” என்றார்.

தட்டுக்குக் கீழே பஞ்சு மெத்தை வைத்தோம். மோட்டார் அதிர்வில் வளருமா என்று எனக்குச் சந்தேகம். அவளுக்கு இல்லை. தினமும் கல்லூரிப் பெண் டியூஷனுக்கு வருவதுபோலக் கையடக்க நுண்ணோக்கியோடு வந்து பார்த்துவிட்டுப் போனாள். தெருவில் முதல் வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கிய வாரத்தில், துளியின் நடுவே இழுத்த கோடு நெடுகச் சின்னச் சின்ன ஊசிகள் எழுந்து நின்றன. தீபாவளி முடிந்தபோது அவற்றில் சில தடித்து, ஓரம் கூர்மையாகி, எக்ஸ்ரேக்கு ஆகும் படிகங்களாகிவிட்டன. என் கணவர் அந்த நாட்களில் குளிர்ந்த தண்ணீரே குடிக்கவில்லை.

திரவ நைட்ரஜனில் உறைய வைத்த படிகங்களோடு வடக்கே போனாள். மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது.

“மேடம், ரெண்டும் தெரியுது.”

திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். நொதியின் வரைபடத்தில் துத்தநாகம் எப்போதும் தனித்துத் தெரியும். சுற்றியிருக்கிற அணுக்களைவிடக் கனமானது. வயல் நடுவே செல்போன் கோபுரம் மாதிரி இரண்டு மேடுகள். சும்மா இருக்கிற துத்தநாகத்தை நான்கு கந்தகக் கைகளும் பிடித்திருந்தன. வேலை செய்கிற துத்தநாகத்தின் வாசலில் அந்த அமினோ அமிலம், அவள் சொன்ன பக்கமே திரும்பியிருந்தது. அதை நான் நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த நிறுவனத்தில் எனக்கு நல்ல நினைவு என்று இருப்பது அது ஒன்றுதான். அதுவும் ஓய்வு பெற்ற பிறகு, என் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து வந்தது.

மனுவுக்குப் பதில் வரவில்லை. நீட்டிப்பு இல்லாமலே எழுதி முடித்து, பதிவு முடிவதற்கு முன்னால் அலுவலகம் திறந்திருந்த கடைசி நாளில் ஆய்வேட்டைக் கொடுத்தாள். நன்றியுரையில் சாச்சாவுக்கு ஒரு வரி, வில்லாபுரத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டிக்கு ஒரு வரி. ஆனி மாதம் வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் உறுதியானது. துறைத் தலைவர் நொதியின் அந்த வடிவத்தை ஒரு கருத்தரங்கில் காட்டினார். அதற்கு முன்னால் ஒரு படம் போட்டாராம்: சந்தனமும் குங்குமமும் வைத்த குளிர் அறைத் தட்டுகள், கீழே ‘மரபும் அறிவியலும்’ என்று தலைப்பு. கைதட்டல் பலமாக இருந்ததாக அட்டெண்டர் சொன்னார். அந்தத் தட்டுகளில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பட்டம் வாங்கி அவள் வேறு ஊரில் வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, என் பெயருக்குப் பதிவுத் தபாலில் ஓர் உறை வந்தது. விசாரணைக் குழுவின் பரிந்துரையின் பேரில், மேற்படி ஆய்வு மாணவருக்கு மூன்று மாத நீட்டிப்பு வழங்கப்பட்டிருந்தது. அது கடந்த ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடிவடைந்துவிட்டதாகக் கொள்ளப்படும். படிகங்கள் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்படாததால் இழப்பு எதுவும் எழவில்லை. பதினேழாம் பிரிவு பண்டிகை நாட்களுக்கும் பொருந்துமா என்பது குறித்து உரிய இடத்தில் தெளிவுரை கோரப்பட்டுள்ளது.

போனில் அவளுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன்.

“அந்த நீட்டிப்ப வச்சு இப்ப நான் என்ன மேடம் செய்ய?” என்றாள். “ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க.”

வைக்கவில்லை. எந்தக் கடிதத்துக்கும் செய்வதுபோல, உறையின் மூலையில் அது வந்து சேர்ந்த நாளைக் குறித்தேன்: ஆயுத பூஜைக்கு முதல் நாள், பிற்பகல்.